போர்டு வைத்தாச்சு, குப்பை குறையவில்லை: விதியை நடைமுறைக்குக் கொண்டுவரும் வழி

"இங்கே குப்பை கொட்டாதீர்கள், மீறினால் அபராதம்" என்ற போர்டு இருக்கும் இடத்தில்தான் தெருவிலேயே பெரிய குவியல் கிடக்கும். வேலூரில் சைதாப்பேட்டை சந்தாக இருந்தாலும் காட்பாடியில் புதிதாக வந்த நகராக இருந்தாலும் இந்தக் காட்சி மாறாது. ஏற்கெனவே குப்பை விழும் இடத்தில்தான் போர்டு வைக்கிறார்கள். காலையில் பையோடு வருகிறவர் கண்ணில் எழுத்துக்கு முன்னால் படுவது குவியல். ‘எல்லாரும் இங்கேதான் போடுகிறார்கள்’ என்று அது சொல்லும் செய்தி, போர்டு சொல்வதைவிடச் சத்தமாகக் கேட்கிறது.

நடத்தை அறிவியல் கைகொடுப்பது இந்த மாதிரி இடத்தில்தான். விதியை மக்கள் ஏன் பின்பற்றுகிறார்கள், ஏன் விடுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்து, அதற்கேற்ப விதியையும் நோட்டீஸையும் அபராதத்தையும் திருத்துகிற வேலை அது. புதிதாகப் பொறுப்புக்கு வந்த வார்டு உறுப்பினர், ஊராட்சிச் செயலர், குடியிருப்போர் சங்கத்தார், மார்க்கெட் சங்கத்தார் ஆகியோரை மனதில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது. அபராதம் போடும் அதிகாரம் உள்ளாட்சிக்கும் சட்டம் குறிப்பிடும் அலுவலர்களுக்கும்தான் உண்டு, சங்கத்துக்குக் கிடையாது. ஆனால் கீழே வரும் வேலைகளில் பெரும்பங்குக்கு அபராதப் புத்தகமே தேவைப்படாது.

முதல் வேலை: செயலைக் குறுக்குங்கள்

"தெரு சுத்தமாக இருக்க வேண்டும்" என்பது ஆசை. அதை எண்ண முடியாது. யார், எதை, எங்கே, எப்போது செய்ய வேண்டும் என்று ஒரே வரியில் எழுதுங்கள்: "இந்தத் தெருவின் 60 வீட்டுக்காரர்கள், காலையில் வண்டி வரும்போது, மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் தனித்தனியாகத் தூய்மைப் பணியாளர் கையில் தர வேண்டும்." இப்படி எழுதினால்தான் எது நடக்கவில்லை என்பது தெரியும். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயகரமான வீட்டுக் குப்பை என மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. மூன்றையும் ஒரே நாளில் தொடங்கினால் எதுவும் பிடிபடாது. மக்கும் குப்பையில் தொடங்குங்கள். நாறுவது அதுதான், உரமாவதும் அதுதான்.

ஒருமுறை செய்தால் முடிகிற செயலா, தினமும் செய்ய வேண்டிய செயலா என்பதையும் இங்கேயே பிரித்துக்கொள்ளுங்கள். 2003இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. குழாய் பதிப்பது ஒருநாள் வேலை, கெடு இருந்தது, கட்டினார்களா என்று போய்ப் பார்க்கவும் முடிந்தது. அதனால் வேகமாகப் பரவியது. வருஷா வருஷம் வடிகட்டும் தொட்டியின் மணலையும் ஜல்லியையும் எடுத்துக் கழுவிப் போடுவது வேறு வகை வேலை. அதற்குக் கெடுவும் இல்லை, பார்க்க வருபவரும் இல்லை. அடைத்துப்போன தொட்டிகளுக்குக் காரணம் அதுதான்.

இரண்டாவது: ஏழு நாள் எண்ணுங்கள்

பெரும்பாலானவர்கள் தாண்டிக் குதிப்பது இந்த இடத்தைத்தான். "எங்களுக்குத் தெரியாதா, யாரும் பிரிப்பதில்லை" என்பார்கள். எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் கதை வேறாக இருக்கும். சிலர் தினமும் பிரிப்பார்கள், சிலர் வாரத்தில் நாலு நாள் பிரிப்பார்கள், ஒரு பத்து வீடு எப்போதுமே தராது. இந்த மூன்று கூட்டத்துக்கும் மருந்து ஒன்றல்ல.

ஒரு தாள், ஒரு அட்டை, ஒரு பேனா போதும். வீட்டுக் கதவு எண் ஒரு வரிசையாகவும் நாட்கள் ஏழு கட்டங்களாகவும் இருக்கட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் நாலு குறிகளில் ஒன்று: பி என்றால் பிரித்துத் தந்தது, க என்றால் கலந்து தந்தது, இ என்றால் தரவே இல்லை, பூ என்றால் வீடு பூட்டு. பூட்டிய வீட்டைத் தராத வீட்டோடு சேர்த்தால் கணக்கு கெடும். சித்திரை, வைகாசியில் ஊருக்குப் போகிறவர்கள் அதிகம் என்பதால் இந்தக் குழப்பம் வேலூரில் நன்றாகவே வரும்.

எண்ணுகிறவர் வண்டியோடு நடக்கலாம், ஆனால் வேலை செய்யக்கூடாது, புத்திமதியும் சொல்லக்கூடாது. சொன்னால் அன்றைக்கு எல்லாரும் பிரிப்பார்கள், எண் பொய்யாகிவிடும். முதல் இரண்டு நாள் எண்ணை விட்டுவிட்டால்கூடத் தப்பில்லை. புது ஆள் தாளோடு நிற்பதைத் தெரு பார்த்துப் பழக அவ்வளவு நாள் ஆகும். கூடவே மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: வண்டி வந்த நேரம், தெருவில் நின்ற நிமிடங்கள், பிரித்து வந்த குப்பை வண்டியில் தனித்தனியாகப் போனதா கலந்து போனதா. மூன்றாவது குறிப்பு பல திட்டங்களைக் காப்பாற்றும். வீட்டில் பிரித்துத் தந்ததை வண்டியில் ஒன்றாகக் கொட்டுவதை ஒருமுறை கண்ணால் பார்த்த வீடு மறுபடி பிரிக்காது. அந்த வீட்டில் பிழை இல்லை.

மூன்றாவது: காரணத்தைத் தேடுங்கள்

"ஏன் பிரிப்பதில்லை?" என்று கேட்டால் "இனிமே பிரிச்சிடறோம் சார்" என்ற பதில்தான் வரும். அதற்குப் பதிலாக "நேற்றுக் காலையில் குப்பை எப்படி வெளியே போச்சு, முதலிலிருந்து சொல்லுங்கம்மா" என்று கேளுங்கள். பிரிக்கிற வீடு பத்து, பிரிக்காத வீடு பத்து. இருபது வீட்டில் கேட்டால் காரணங்கள் திரும்பத் திரும்ப வர ஆரம்பிக்கும். எல்லாக் காரணத்தையும் மூன்று குடத்தில் போடலாம்: தெரியவில்லை, தோதில்லை, மனசில்லை.

‘தெரியவில்லை’ என்பது நாம் நினைப்பதைவிடச் சின்னக் குடம். மக்கும் குப்பை எது என்று பெரும்பாலோருக்குத் தெரியும். தடுமாறுவது விளிம்பில் இருக்கும் பொருட்களில்: முட்டை ஓடு, தேங்காய் ஓடு, எண்ணெய் பிசுக்கோடு வந்த பார்சல் காகிதம், டயப்பர். இந்த ஏழெட்டுப் பொருளுக்கு மட்டும் படம் போட்ட அட்டை கொடுத்தால் போதும்.

சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ் தெருக்கள் மட்டும் இதற்கு விலக்கு. சிகிச்சைக்காக மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள் எனப் பல இடங்களிலிருந்து வந்து, அறையிலேயே சமைத்துக்கொண்டு, இரண்டு வாரமோ இரண்டு மாதமோ தங்குகிறவர்கள் அங்கே அதிகம். தமிழ் நோட்டீஸ் அவர்களுக்குச் சுவர் ஓவியம் மாதிரி. வங்காளத்திலும் இந்தியிலும் எழுதி அறைக்கதவின் உள்பக்கம் ஒட்ட வேண்டும். அங்கே விதியைச் சொல்ல வேண்டிய ஆள் லாட்ஜ் மேனேஜர்தான், சொல்ல வேண்டிய நேரம் சாவி கொடுக்கும் நேரம்.

‘தோதில்லை’ என்பதுதான் பெரிய குடம். வண்டி ஏழேகாலுக்கு வருகிறது, குழாயில் தண்ணீரும் அதே நேரத்தில் வருகிறது. குடத்தை விட்டுவிட்டுக் குப்பைக்கு ஓட யாரும் தயாராக இல்லை. லைன் வீட்டில் சமையலறையே ஆறடி, இரண்டாவது பக்கெட்டை எங்கே வைப்பது? மாடியில் இருப்பவருக்கு விசில் கேட்பதில்லை. இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் எட்டு மணிக்கு மேல் வண்டி வந்தால் பூட்டுதான். இவற்றில் எதையும் அபராதம் சரிசெய்யாது. வண்டியின் நேரத்தை அரை மணி தள்ளினாலே சில சரியாகும்.

‘மனசில்லை’ என்ற குடத்தில் இரண்டு வகை உண்டு. "நான் மட்டும் செய்து என்ன ஆகப்போகுது" என்பவர் ஒரு வகை. அவருக்குப் பக்கத்து வீடு செய்வது தெரிய வேண்டும். மீறுவதால் பணம் மிச்சமாகிறவர் இன்னொரு வகை: மண்டபத்துக் கழிவை ராத்திரியில் ஓடைக்கரையில் கொட்டும் டெம்போ மாதிரி. அவரிடம் நயமாகப் பேசிப் பிரயோஜனம் இல்லை. அங்கே கண்காணிப்பும் அபராதமும்தான்.

நான்காவது: முதலில் தோது, பிறகுதான் பேச்சு

எண்ணிய தாளையும் மூன்று குடத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காசில்லாமல் மாற்றக்கூடியவற்றை முதலில் மாற்றுங்கள். வண்டி தினமும் ஒரே நேரத்தில், பத்து நிமிஷத்துக்கு மேல் முன்பின் ஆகாமல் வரட்டும். வண்டியில் மக்கும் குப்பைக்கான தொட்டி வீட்டுக்காரர் நிற்கும் பக்கம் இருக்கட்டும், அவர் கண்முன்னே தனியாக விழட்டும். இரண்டாவது பக்கெட்டுக்கு இடம் இல்லாத வீட்டுக்கு, கதவுக் கொக்கியில் தொங்கும் ஒரு பை போதும். மக்காத குப்பை கனக்காது, நாறாது.

குவியல் விழும் மூலை தனிக் கேஸ். குவியலை எடுத்துவிட்டு அப்படியே விட்டால் மறுநாள் பழையபடி விழும். எடுத்த அன்றே அந்த இடத்தின் உருவத்தை மாற்ற வேண்டும். சுத்தமாகக் கூட்டி, வாசல் மாதிரி தண்ணீர் தெளித்துக் கோலம் போடுவது, இரண்டு தொட்டிச் செடி வைப்பது, ஆட்டோ ஸ்டாண்டை அங்கே நகர்த்துவது என எதுவானாலும் சரி. முதல் இரண்டு வாரம், புதிதாக விழும் ஒரு பையைக்கூட ஒரு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். முதல் பைதான் இரண்டாவது பையைக் கூப்பிடுகிறது.

சுவரில் சாமி படம் போட்ட டைல் ஒட்டும் பழக்கத்தைப் பற்றிப் பலர் கேட்பதுண்டு. சிறுநீர் கழிப்பதைத் தடுக்க நம் ஊர் தானாகவே கண்டுபிடித்த முறை அது. டைல் இருக்கும் சுவர் தப்பிக்கும், அடுத்த சுவர் மாட்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்து எளிதாக நடந்துபோகும் தூரத்தில் கட்டணமில்லாத கழிப்பறை இல்லையென்றால், எத்தனை டைல் ஒட்டினாலும் இடம்தான் மாறும்.

ஐந்தாவது: நோட்டீஸை மாற்றி எழுதுங்கள்

வழக்கமான நோட்டீஸ் இப்படி இருக்கும்: "மாநகராட்சி எல்லைக்குட்பட்ட அனைத்து வரி விதிப்புதாரர்களும் தங்கள் கட்டடங்களுக்கான சொத்து வரியினை உரிய காலத்திற்குள் செலுத்தி சட்டப்பூர்வ நடவடிக்கைகளைத் தவிர்க்குமாறு இதன்மூலம் அறிவுறுத்தப்படுகிறது." இதில் தொகை இல்லை, தேதி இல்லை, எங்கே போவது என்றும் இல்லை.

தமிழ்நாட்டில் சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் ரூ.5,000 வரை ஊக்கத்தொகை உண்டு. அரையாண்டு வரி ரூ.2,400 உள்ள ஒரு வீட்டுக்கு நோட்டீஸ் இப்படி இருக்கலாம்:

"உங்கள் வீட்டு வரி ஏப்ரல் 30 வரை ரூ.2,280. மே 1 முதல் ரூ.2,400. கீழே உள்ள க்யூஆர் கோடில் கட்டலாம், அல்லது மண்டல அலுவலக வரி வசூல் மையத்தில் கட்டலாம். இந்தச் சீட்டைக் கொண்டுவந்தால் போதும்."

நாலு வரி, கணக்கும் போட்டுக் கொடுத்தாச்சு. 120 ரூபாய் கிடைக்கும் என்பதைவிட, மே 1 ஆனால் 120 ரூபாய் போய்விடும் என்பது மனதில் அதிகம் தைக்கும். இழப்பு லாபத்தைவிடப் பெரிதாகத் தெரியும் என்று காட்டியவர்களில் ஒருவர் உளவியலாளர் டேனியல் கானமன். 2002இல் பொருளாதார நோபல் பெற்றார். வீட்டுக்கு வீடு தொகையை அச்சிடுவது கூடுதல் வேலைதான், ஆனால் மொத்த நோட்டீஸின் பலமே அந்த ஒரு எண்ணில் இருக்கிறது. சீட்டு போய்ச் சேரும் தேதியும் முக்கியம். சம்பளம் வந்த முதல் வாரத்தில் போனால் ஒரு பலன், இருபத்தைந்தாம் தேதி போனால் வேறு பலன்.

‘மற்றவர்கள் செய்கிறார்கள்’ என்ற வரியைப் பயன்படுத்தும்போது கவனம் வேண்டும். பிரிட்டன் அரசு 2010இல் தொடங்கிய நடத்தை ஆய்வுக் குழு, வரி பாக்கிதாரர்களுக்குப் போகும் கடிதத்தில் "பத்தில் ஒன்பது பேர் நேரத்துக்குக் கட்டிவிடுகிறார்கள்" என்று சேர்த்துப் பார்த்ததில் வசூல் கூடியது. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் கல்மரக் காட்டுப் பூங்காவில் (கல்மரம் என்பது கல்லாகிப்போன பழங்கால மரம்) உளவியலாளர் ராபர்ட் சியால்டினி குழுவினர் பார்த்தது நேர்மாறு. "முன்பு வந்தவர்கள் பலர் கல்மரத்தை எடுத்துச் சென்றதால் காடு மாறிவிட்டது" என்ற போர்டு வைத்த இடத்தில் திருட்டு அதிகமானது. பலரும் எடுக்கிறார்கள் என்பதுதான் படித்தவர் மனதில் பதிந்தது. நம் போர்டுகளில் பாதி இந்த வகை: "ஹெல்மெட் போடாதவர்கள் எண்ணிக்கை அதிகரிப்பு", "பலரும் வரி கட்டுவதில்லை". திட்டுவதாக நினைத்து எழுதுகிறோம், படிப்பவர் துணை கிடைத்ததாக எடுத்துக்கொள்கிறார்.

உங்கள் தெருவில் 60க்கு 20 வீடுதான் பிரிக்கிறது என்றால் "பெரும்பாலோர் பிரிக்கிறார்கள்" என்று எழுதாதீர்கள். பொய் இரண்டு நாளில் தெரிந்துவிடும். போன மாதம் 12, இந்த மாதம் 20 என்றால் அந்த ஏற்றத்தை எழுதுங்கள். ஏற்றம் இல்லையென்றால் அந்த வரியே வேண்டாம்.

ஆறாவது: அபராதம்

இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைகள் காப்பகங்களில் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சின்ன அபராதம் போட்டுப் பார்த்தார்கள். தாமதம் ஏறக்குறைய இரட்டிப்பானது. அதுவரை டீச்சரைக் காக்க வைக்கிறோமே என்று உறுத்தல் இருந்தது. பிறகு காசு கொடுக்கிறோமே என்றாகிவிட்டது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. யூரி நீஸியும் ஆல்டோ ருஸ்டிகினியும் 2000இல் வெளியிட்ட ஆய்வு இது. கடை வாசலில் சரக்கை இறக்கி வைத்தால் தினமும் நூறு ரூபாய் என்று வைத்துப் பாருங்கள். லாங்கு பஜார் வியாபாரி அதை வாடகையாகக் கணக்கில் எழுதிக்கொள்வார். உறுத்தல் வேலை செய்கிற இடத்தில் சின்ன அபராதத்தைக் கொண்டுவராதீர்கள்.

தொகையை ஏற்றுவதைவிட, மாட்டிக்கொள்வோம் என்ற நிச்சயத்தை ஏற்றுவதுதான் அதிகம் தடுக்கிறது. குற்றவியல் ஆய்வுகளில் பல காலமாகத் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம் இது. ஹெல்மெட் போடாவிட்டால் தமிழ்நாட்டில் அபராதம் ரூ.1,000. ஆனாலும் மே மாத வெயிலில் ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேலேயே பயணம் செய்யும், தூரத்தில் காக்கி தெரிந்ததும் தலைக்கு ஏறும். தினமும் ஒரே சிக்னலில் ஒரே நேரத்தில் சோதனை நின்றால் வண்டிக்காரர் கற்றுக்கொள்வது ஹெல்மெட் போட அல்ல, எந்தச் சந்து வழியாகப் போகலாம் என்பதைத்தான். ராஜஸ்தானில் குடிபோதைச் சோதனையைக் காவல்துறையோடு சேர்ந்து பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்டோர் ஆராய்ந்தார்கள். ஒரே இடத்தில் நின்ற சோதனையால் பலன் தெரியவில்லை. இடம் மாற்றி மாற்றி நின்றபோது இரவு விபத்துகள் 17 சதவீதமும் இரவு விபத்து மரணங்கள் 25 சதவீதமும் குறைந்தன. உங்கள் வார்டிலும் இதே கணக்குதான். ஐந்து மூலைகளின் பெயரைச் சீட்டில் எழுதி, காலையில் ஒன்றை எடுத்து, அங்கே போய் நில்லுங்கள். எடுப்பதற்கு முன் யாருக்கும் தெரியக்கூடாது, உங்களுக்கும்தான்.

நயமான முறைகளின் எல்லையைத் தெரிந்துகொள்ள வடாற்காடுக்காரர்கள் வெளியூர் போக வேண்டாம், பாலாறு போதும். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு உறுதியாகச் சொன்னது. தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் ரூ.10,000 அபராதமும் விதித்தது. 2025 ஜனவரியில் அதே பாலாறு, அதே தோல் கழிவுக்காக மறுபடி உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டினால் தினமும் மின்சாரம், ரசாயனம், ஆள்கூலி எனச் செலவு. ஓட்டாமல் விட்டால் அத்தனையும் மிச்சம். மீறுவதில் தினமும் லாபம் இருக்கும் இடத்தில் ஒருமுறை அபராதமும் போர்டும் எடுபடாது. அங்கே தேவைப்படுவது தொடர்ந்து அளப்பது, அளந்ததை ஊர் பார்க்கும்படி வெளியிடுவது, மிச்சமாகும் தொகையை மிஞ்சும் தண்டனை.

இன்னொன்றும் உண்டு. "பெரிய கடையை விட்டுட்டு என்னை மட்டும் பிடிக்கறீங்களே" என்று தள்ளுவண்டிக்காரர் சொல்வது வெறும் சாக்கு இல்லை. விதியை நியாயமாக, எல்லாருக்கும் ஒரே மாதிரி நடத்துகிறார்கள் என்று நம்புகிறவர்களே அதிகம் கீழ்ப்படிகிறார்கள் என்று அமெரிக்க உளவியலாளர் டாம் டைலர் 1990இலேயே எழுதினார். எனவே தெருவில் பெரிய கடையில் தொடங்குங்கள். அபராதம் வாங்கினால் அச்சிட்ட ரசீது கொடுங்கள். முதல் தடவை எழுத்தில் எச்சரிக்கை, இரண்டாம் தடவை தொகை என்று முன்னாலேயே அறிவித்து, சொன்னபடியே நடங்கள்.

ஏழாவது: பத்துத் தெருவில் பார்த்துவிட்டு ஊருக்குப் போங்கள்

மாற்றத்தை ஒரே நாளில் 60 வார்டிலும் தொடங்கினால், குப்பை குறைந்தாலும் காரணம் தெரியாது. இருபது தெருப் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, பத்தில் மாற்றத்தைச் செய்து, பத்தைப் பழையபடி விடுங்கள். நல்ல தெருவாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் முடிவும் உங்கள் விருப்பப்படிதான் வரும்.

எத்தனை வீடு வேண்டும்? பிரிக்கும் வீடு 30 சதவீதத்திலிருந்து 45 ஆகும் என்று எதிர்பார்த்தால், மாற்றம் செய்யும் பக்கம், பழையபடி விடும் பக்கம் என ஒவ்வொரு பக்கத்துக்கும் சுமார் 160 வீடு. 30லிருந்து 35தான் ஆகும் என்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் 1,370க்கு மேல். சின்ன மாற்றத்தைப் பார்க்கப் பெரிய கூட்டம் வேண்டும். இது வீட்டைத் தனித்தனியாகக் குலுக்கினால். தெரு தெருவாகக் குலுக்கினால், ஒரே தெருக்காரர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் நடப்பதால், இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் சுற்றும் குறுக்குவழிகளை நம்பி வார்டுப் பணத்தைப் போடாதீர்கள். படிவத்தின் கீழே போடும் கையெழுத்தை மேலே போட வைத்தால் மக்கள் உண்மையை எழுதுவார்கள் என்று 2012இல் வந்த ஆய்வு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதில் தரவு கோளாறு தெரியவந்து 2021இல் திரும்பப் பெறப்பட்டது. அதுவும் நேர்மையைப் பற்றிய ஆய்வு என்பது தனிக் கதை. சுவரில் கண் படம் வரைந்தால் திருட்டு குறையும் என்பதற்கும் ஆதாரம் பலவீனம்.

மறதியும் பெரிய தடை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் 14 வகைக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. இன்று பல வீட்டில் துணிப்பை இருக்கிறது, ஆனால் வீட்டில்தான் இருக்கிறது. நேதாஜி மார்க்கெட்டில் காய் நிறுத்து வாங்கும்போதுதான் பை நினைவுக்கு வருகிறது. எனவே நினைவூட்டல் போர்டு மார்க்கெட் வாசலில் வேண்டாம். பை வண்டியின் சீட்டுக்கு அடியிலோ, வண்டிச் சாவி மாட்டும் ஆணியிலோ இருக்கட்டும். மார்க்கெட் சங்கம் மடித்தால் கைக்குள் அடங்கும் பையாகத் தைத்துக் கொடுத்தால் இது தானாக நடக்கும்.

மூன்று மாதம் கழித்து அதே தெருவில், அதே ஏழு நாள், அதே நாலு குறியோடு மறுபடி எண்ணுங்கள். முதல் மாதம் ஏறிய எண் மூன்றாம் மாதம் இறங்கியிருந்தால், நோட்டீஸைத் திருத்தும் முன் வண்டி வந்த நேரக் குறிப்பை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஏழேகால் எட்டேகால் ஆகியிருக்கும்.